நான் தீர்க்கதரிசி இல்லை என்று தீர்ப்பான ஞாயிறு

எங்கள் ஜெப வீடு கேளம்பாக்கம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருக்கிறது. அங்கே ஒரு வழக்கம். மாதத்தின் கடைசி ஞாயிறன்று, அந்த மாதம் பிறந்தநாள் கண்டவர்கள் எல்லாரும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். போன வருஷம் முழுக்கக் கடவுள் தனக்கு என்ன செய்தார் என்று சபைக்கு முன்னால் சொல்வதுதான் சாட்சி. வேலை கிடைத்தது, காய்ச்சல் விட்டது, மகளுக்கு வரன் அமைந்தது என்று ஆளாளுக்கு எதையாவது வைத்திருப்பார்கள். அக்டோபரில் பிறந்த என்னிடம் அந்த வருஷம் சொல்ல ஒரு மண்ணும் இல்லை. பஸ் ஏறினேன், ஆபீஸ் போனேன், பஸ் இறங்கினேன், சோறு பொங்கினேன். இதற்கெல்லாம் யார் அல்லேலூயா சொல்வார்கள்?

ஆனால் மைக் கைக்கு வந்துவிட்டது. வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார மானம் இடம் கொடுக்கவில்லை. முந்தின வாரம் கண்ட ஒரு கனவைச் சொல்லிவைத்தேன். நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் நிற்கிறது, அதில் விரால் மீன் நீந்துகிறது, அதே கட்டடத்தில் குடியிருக்கும் பாஸ்டரின் பைக் கேட்டைத் தாண்டி மிதந்து போகிறது. சபை சிரித்தது. நானும் சிரித்தேன். "எதுக்கும் எல்லாரும் வண்டிய மேட்டுல நிறுத்துங்க" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

அந்த வாரமே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. கார் நிறுத்துமிடத்தில் இடுப்பளவு தண்ணீர். மீனும் வந்தது. வந்தது கெண்டை, நான் சொன்னது விரால். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. என் பேச்சைக் கேட்டு மேட்டில் வண்டியை நிறுத்திய சில குடும்பங்கள் தப்பித்தன. அடுத்த ஞாயிறு நான் மாடிப்படி ஏறும்போதே ஒரு பெண் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தீர்க்கதரிசி அக்கா வந்துட்டாங்க" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எங்கள் சபையில் தீர்க்கதரிசி என்றால் விளையாட்டில்லை. கடவுள் ஒருவரிடம் ஒரு வார்த்தையைக் கொடுத்து, "போய் அவர்களிடம் சொல்" என்று அனுப்புகிறார் என்று அர்த்தம். அந்த இடத்தில் என்னை, அணு ஆராய்ச்சி வளாகத்தில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்துகொண்டு போல்ட்டும் நட்டும் சரிபார்க்கிற என்னை, தூக்கி உட்கார வைத்துவிட்டார்கள். திருப்போரூரில் மனை வாங்கலாமா, பையனுக்கு விசா கிடைக்குமா, மாமியார் மனம் மாறுவாளா என்று ஒவ்வொருத்தராக வர ஆரம்பித்தார்கள். டாக்ஸி ஓட்டும் என் வீட்டுக்காரருக்கோ கொண்டாட்டம். "நாளைக்கு ஏர்போர்ட் சவாரி வருமான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்" என்று காபி குடித்துக்கொண்டே கேட்பார். "ஓங்கி ஒண்ணு வைப்பேன், அது மட்டும் நிச்சயமா நடக்கும்" என்பேன்.

இதுவரைக்கும் சிரிப்புதான். சிரிப்பை நிறுத்தியது கூட்டுரோட்டில் டிபன் கடை போட்டிருக்கும் தங்கச்சி.

உடன்பிறந்த தங்கச்சி இல்லை. சபைக்குப் புதிதாக வரத் தொடங்கியவள். ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில் காலையில் இட்லி, பூரி விற்கிறாள். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள் உண்டு. அவள் கழுத்தில் ஒரு கட்டி. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, அறுத்து எடுத்தால்தான் அது நல்லதா கெட்டதா என்று தெரியும் என்று சொல்லித் தேதியும் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் நான் பஸ்ஸுக்கு நிற்கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"யக்கா, என்னப் பத்தி எதுனா கண்டியா?"

"நான் ஒண்ணும் காணலியே" என்றேன். தப்பித்தோம் என்று நினைத்து பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த வாரம் பார்க்கிறேன், கட்டியோடு அதே அடுப்புக்கு முன்னால் நின்று பூரி போட்டுக்கொண்டிருக்கிறாள். "ஏட்டி, ஆபரேஷன் என்னாச்சு?" என்றேன்.

"போவலக்கா. நீதான் ஒண்ணும் காணலன்னியே. கர்த்தரு உனக்கு ஒண்ணும் காட்டலன்னா இன்னா அர்த்தம்? இப்போ போவாதன்னுதானே? நீ கண்டு சொல்லு, அன்னிக்கே போறேன்."

பேசினாலும் தீர்க்கதரிசனம், பேசாவிட்டாலும் தீர்க்கதரிசனம் என்றால் மனுஷி எங்கே போவாள்? "பைத்தியமாட்டி உனக்கு, நான் சாதாரண ஆளு, நீ ஆஸ்பத்திரிக்குப் போ" என்று கத்தினேன். அவள் சிரித்தாள். "தீர்க்கதரிசிங்கல்லாம் அப்பிடித்தான் சொல்வாங்களாம், நம்ம சபை மூப்பரு சொன்னாரு" என்றாள். "சரி, கண்டேன், நீ நல்லா இருப்ப, போ" என்று ஒரு பொய் சொன்னால் போதும், போய்விடுவாள். நுனி நாக்கு வரை வந்தது. ஆனால் கடவுள் பெயரால் இல்லாததைச் சொல்வது பற்றி ஞாயிறு பள்ளியில் நான் படித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. அதோடு, நான் சொல்லி அவள் போய், ஏதாவது ஆகிவிட்டால்? அந்த இரண்டு பிள்ளைகளின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

பாஸ்டரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். "நீங்களே மைக்ல சொல்லிடுங்கய்யா, நான் தீர்க்கதரிசி இல்லன்னு." அவர் நல்ல மனுஷர், ஆனால் எதையும் ஆறப்போட்டுத்தான் செய்வார். "அத நான் மட்டும் சொல்லிட முடியாதும்மா. ஒருத்தர் சொன்னதை மத்தவங்க நிதானிக்கணும், அதாவது எடைபோட்டுப் பாக்கணும்னுதான் ஆதியிலேருந்து சபை முறை. பார்ப்போம்" என்றார். பார்ப்போமாம்! அங்கே ஒருத்தியின் கழுத்தில் கட்டி வளர்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரருக்கு ஒரு இஸ்ரேல்கார அம்மாவோடு சவாரி. மாமல்லபுரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ரிட்டயர்டு டீச்சர். கடப்பாக்கம் போய் ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், என் ஆபீஸ் வாசலில் நிறுத்தி என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் அறைக்குப் போயாக வேண்டும் என்று அந்த அம்மா மணியைப் பார்த்துக்கொண்டே வந்தார். வெள்ளி சூரியன் விழுந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள் ஆரம்பம், பிறகு வண்டியில் ஏற மாட்டார்களாம். என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? தன் டாக்ஸி ஆங்கிலத்தில், என் மனைவி ஒரு தீர்க்கதரிசி தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "உன்னை யாரிடம் அனுப்பினார்?" என்று கேட்டார்.

"யாரிடமும் அனுப்பவில்லை. ஒரு கனவு கண்டேன், அவ்வளவுதான்."

"அப்படியானால் பயப்படாதே" என்றார். பிறகு அவர் சொன்னது எனக்குப் புதிது. பைபிளில் ஒருவர், சிங்கக் கெபியில், அதாவது சிங்கங்கள் கிடக்கும் குழியில் போட்டும் பிழைத்து வந்தாரே, அவரை நாங்கள் பெரிய தீர்க்கதரிசிகள் நால்வரில் ஒருவராகச் சின்ன வயதில் மனப்பாடம் செய்திருக்கிறோம். யூதர்கள் அவரைத் தீர்க்கதரிசிகள் வரிசையில் வைப்பதில்லையாம். அவர் எழுத்து அவர்கள் வேதத்திலும் இருக்கிறது, மரியாதையோடு படிக்கிறார்கள், ஆனால் சங்கீதங்களும் ஞான மொழிகளும் இருக்கிற பகுதியில். தீர்க்கதரிசிகள் காணாததைக்கூட அவர் கண்டார், ஆனால் ஜனங்களிடம் போய்ச் சொல் என்று அவர் அனுப்பப்படவில்லை, அதனால்தான் என்று அவர்கள் பெரியவர்கள் காரணம் சொல்வார்களாம். "பெண்களில் ஏழு பேரைத் தீர்க்கதரிசிகளாக எண்ணுகிறோம். நீ எட்டாவதாக வர வேண்டாம், அது கஷ்டமான வேலை" என்று என் முழங்காலில் தட்டிவிட்டு மாமல்லபுரத்தில் இறங்கிக்கொண்டார்.

அவ்வளவு பெரிய ஆளையே ஒரு கூட்டம் அந்த வரிசையில் சேர்க்கவில்லை என்றால், கெண்டைக்கும் விராலுக்கும் வித்தியாசம் தெரியாத நான் எம்மாத்திரம்! கோவளம் தாண்டும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய் ஏசியைக் கூட்டி வைத்தார்.

ஞாயிறன்று என் பிறந்த மாதம் இல்லாவிட்டாலும் எழுந்து மைக்கை வாங்கினேன். "நான் கண்டது உண்மை. ஆனா யாரும் என்னை அனுப்பல. தினமும் பஸ்ஸுல போறப்ப நம்ம தெரு முனைல இருக்கிற மதகுல லாரி லாரியா மண்ணக் கொட்டி மூடுனதப் பாத்தேன். தண்ணி எங்க போகும்னு மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. அது கனவுல வந்துச்சு. அவ்வளவுதான்" என்றேன். தைரியம் கூடிப்போய் இஸ்ரேல்கார அம்மா சொன்னதையும் சேர்த்துவிட்டேன்.

அங்கேதான் தேன்கூட்டில் கையை வைத்தேன். மூப்பர் எழுந்துவிட்டார். எங்கள் சபையின் மூத்த உறுப்பினர். ஒரு விஷயம் கிடைத்தால் விட மாட்டார். "யாரு, சிங்கக் கெபியில இருந்தவரு தீர்க்கதரிசி இல்லியா? இயேசுவே அவரத் தீர்க்கதரிசின்னு சொல்லிகீறாரு!" பாஸ்டர் எழுந்து, அவர்கள் அடுக்கும் முறை வேறு, நாம் அடுக்கும் முறை வேறு, நமக்கு அவர் தீர்க்கதரிசிதான் என்று சமாதானம் சொன்னார். "அப்போ கனவு கண்டாலே நமக்குப் போதும்ல? அக்காவும் தீர்க்கதரிசிதான்!" என்று மூப்பர் முடித்தார். போச்சுடா என்று நான் தலையில் கைவைத்தேன். முன் வரிசையில் டிபன் கடைத் தங்கச்சி தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "பைக்கு!" என்று கத்தினேன். "பாஸ்டரோட பைக்கு மிதந்துச்சுன்னு சொன்னேனே. மிதந்துச்சா?"

சொன்னது நடக்கவில்லை என்றால் அது கடவுள் சொன்னதில்லை என்ற பழைய சட்டம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் மூப்பரா விடுவார்? "மீன் வயித்துல போனவரு ஊரு அழியும்னு சொன்னாரு, ஜனங்க மனந்திரும்பினாங்க, ஊரு தப்பிச்சிது. அவரு பொய்த் தீர்க்கதரிசியா? அக்கா சொன்னதக் கேட்டுப் பாஸ்டரு வண்டிய எடுத்துட்டாரு, அதான் மிதக்கல!"

எல்லாரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் எடுக்கலியே" என்றார். "கிளட்ச் பிளேட் போயி, சிஸ்டர் சாட்சி சொல்றதுக்கு முன்னாடியே மெக்கானிக் கிட்ட விட்டுட்டேன். மழையெல்லாம் வடிஞ்ச பிறகுதான் வந்துச்சு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பிறகு மாடி முழுக்கச் சிரிப்பு. மூப்பர்கூட உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டே சிரித்தார். "நிதானிச்சாச்சு" என்றார் பாஸ்டர். "சிஸ்டர் நமக்கெல்லாம் நல்ல சிஸ்டர். தீர்க்கதரிசி இல்ல." அந்த வார்த்தை நெஞ்சில் பாலை வார்த்தது. வாழ்க்கையில் ஒரு பதவி பறிபோனதற்கு நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

கூட்டம் முடிந்து இறங்கினால் படியில் தங்கச்சி நிற்கிறாள், முகம் தொங்கிப்போய். "இன்னாக்கா இப்பிடிப் பண்ணிட்ட? இப்போ எனக்கு யாரு சொல்வாங்க?" என்றாள்.

"நான் சொல்லுதேன். இனி நான் என்ன வேணும்னாலும் சொல்லலாம். எனக்கு ஒண்ணும் தெரியாது, என்ன ஆகும்னும் தெரியாது. ஆனா நீ போகத்தான் செய்யணும். நானும் கூட வாரேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கூடவா? லீவு போட்டுட்டா?"

"ஆமாட்டி, லீவு போட்டுட்டுத்தான்."

புதுத் தேதி வாங்கினோம். பிள்ளைகள் என் வீட்டில் என் வீட்டுக்காரரோடு இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது அவள் என் சேலைத் தலைப்பை விடவில்லை. "யக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. நல்லா வந்துருவேனா?"

மறுபடியும் அந்தப் பொய் நாக்கு நுனிக்கு வந்தது. "தெரியாதுட்டி. ஆனா கதவு திறக்கும்போது இந்த பெஞ்சுல இருப்பேன்" என்றேன். அவள் தலைப்பை விட்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரையும் போல ஜெபம் செய்தேன். எனக்கு ஒரு காட்சியும் வரவில்லை. பசி வந்தது, எழுந்து போகவில்லை.

கட்டி நல்ல கட்டிதான் என்று பிற்பாடு சோதனையில் தெரிந்தது. அன்றைக்கு அது தெரியாது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், கதவு திறந்து ஸ்ட்ரெச்சர் வந்தபோது, கழுத்தில் கட்டோடு, கண்ணைத் திறக்க முடியாமல் அவள் கையை மட்டும் நீட்டித் துழாவியதுதான். குரல் கம்மிக் கிடந்தது.

"யக்கா... கீறியா?"

இந்தப் பக்கம் குடிவந்து இத்தனை வருஷத்தில், இருக்கியா என்பதைக் 'கீறியா' என்கிற இந்தப் பக்கத்துப் பேச்சு என் திருநெல்வேலி வாயில் வந்ததே இல்லை. அன்றைக்கு வந்தது.

"கீறேன்டி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சொன்ன மாதிரியே கீறியே" என்றாள்.