தவராஜா அண்ணையின் ஸ்ட்ரோபெரிப் பால்

சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் லோரிபிளாட்ஸ் ட்ராம் தரிப்பிடத்துக்கு அருகே, நாலாம் மாடியில், இரண்டு அறை வீடொன்றில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். 1987ஆம் ஆண்டு. மூத்தவர் தவராஜா அண்ணை. வயது முப்பத்தைந்து. கோண்டாவிலில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். கடை எரிந்த பிறகு கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தார். அடுத்தவன் யேசுதாசன். யாழ்ப்பாணத்தில் ரியூசன் வாத்தியார், இங்கே ஓர் உணவகத்தில் மரக்கறி வெட்டினான். நான் எல்லாருக்கும் இளையவன், சலவைச்சாலையில் படுக்கை விரிப்பு மடித்தேன். தவராஜா அண்ணை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில் பாத்திரம் கழுவினார்.

அந்தப் பாத்திரம்தான் வீட்டில் எட்டு மாதம் பேச்சை நிறுத்தி வைத்திருந்தது.

அண்ணைக்கு ஊரில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். பெண்ணின் தகப்பன் ஓய்வுபெற்ற தபாலதிபர். "மகனுக்குப் பெரிய ஆஸ்பத்திரியிலை வேலை" என்று அண்ணையின் தாய் அவர்களிடம் சொல்லியிருந்தார். அதில் பொய் இல்லை. ஆனால் தபாலதிபர் கவனமான மனிதர். அவருடைய மகன் முன்பு யேசுதாசனிடம் கணிதம் படித்தவன். அந்தப் பழக்கத்தில் அவர் நேரே யேசுதாசனுக்கே கடிதம் போட்டு, மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்டார். யேசுதாசன் மூன்று வரியில் பதில் எழுதினான். நல்ல மனிதர். குடி இல்லை. பாத்திரம் கழுவுகிறார்.

சம்பந்தம் நின்றுபோனது. காரணம் தாயின் கடிதத்தில் வந்தது. அண்ணை அதை வாசித்து மடித்து வைத்தார். சண்டை பிடிக்கவில்லை. யேசுதாசனோடு கதைப்பதை மட்டும் விட்டுவிட்டார். அதன்பிறகு எல்லாம் என் வழியாகத்தான் போய் வந்தது.

"அவரிட்டைச் சொல்லும், உப்பு முடிஞ்சுபோச்சு."

யேசுதாசன் அதே அடுப்படியில், கையெட்டும் தூரத்தில் நிற்பான். நான் திரும்பி, "உப்பு முடிஞ்சுபோச்சாம்" என்பேன். எனக்கே வெட்கமாக இருக்கும்.

ஜூன் மாதம் முதல் கிழமை, மழை பெய்த ஒரு காலையில், யேசுதாசன் சைக்கிளில் வேலைக்குப் போனான். தரிப்பிடத்து வளைவில் முன்சில்லு ட்ராம் தண்டவாளத்துக்குள் இறங்கிவிட்டது. முகம் அடிபட விழுந்தான். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. அண்ணை வேலை செய்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனார்கள். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதம், வாய் திறக்க முடியாது.

நான் பின்னேரங்களில் போய்ப் பார்த்தேன். அண்ணை போகவில்லை. ஆனால் நான் சொல்லாமலே அவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. ஒவ்வொரு சாப்பாட்டுத் தட்டிலும் நோயாளியின் பெயர் எழுதிய சிறு அட்டை இருக்கும். தட்டுகள் கழுவுவதற்கு அவரிடம்தான் திரும்பி வரும். மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அவர் சூப்பைத் தொடேல்லை. மத்தியானமும் அப்பிடியே வந்தது. நேற்றும்."

"அதிலை ஒரு மணம் வருதெண்டு எழுதிக் காட்டினவன் அண்ணை. வயித்தைக் குமட்டுதாம்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஆறாம் நாள் யேசுதாசனை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜெர்மன் மொழியில் எழுதிய ஒரு தாளும், ஒரு சின்னக் குறடும் கொடுத்துவிட்டார்கள். சத்தி, அதாவது வாந்தி வந்து மூச்சடைத்தால் அந்தக் குறட்டால் கம்பியை வெட்ட வேண்டும், எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார் தாதி. யேசுதாசன் அதை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். ஐம்பத்தெட்டுக் கிலோ இருந்தவன் ஐம்பத்துமூன்றுக்கு இறங்கியிருந்தான். பேச முயன்றால் பல்லுக்குள்ளால் காற்றுத்தான் வந்தது. ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு எழுதிக் காட்டினான்.

மறுநாள் அந்த ஜெர்மன் தாளைக் காணவில்லை. அண்ணை அதை வேலைக்குக் கொண்டுபோய், நோயாளிகளுக்கான விசேட சாப்பாட்டைப் பார்க்கும் திருமதி கேர்பரிடம் காட்டியிருக்கிறார். அவர் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார்: பால், கிரீம், சீனி, பழம். நல்ல கொழுப்பாக இருக்க வேண்டும். உறிஞ்சும் ஸ்ட்ரோவுக்குள்ளால் போக வேண்டும்.

ஸ்ட்ரோபெரிக் காலம். சந்தையில் குவிந்து கிடந்தது. அண்ணை ஒரு பெட்டி வாங்கி வந்து, முள்ளுக்கரண்டியால் நசித்து, பால் விட்டு, முட்டை அடிக்கும் கம்பியால் அடித்தார். கிளாஸை என்னிடம் தந்தார்.

"குடிக்கச் சொல்லும்."

யேசுதாசன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வாங்கி உறிஞ்சினான். இரண்டு இழுப்பில் ஸ்ட்ரோ அடைத்துவிட்டது. கொப்பியில் எழுதினான்: 'கட்டி.'

சனிக்கிழமை அண்ணை பழைய சாமான் விற்கும் கடைக்குப் போய், செம்மஞ்சள் நிற மிக்ஸர் ஒன்றோடு வந்தார். மூடி வெடித்திருந்தது. மேலே ஒரு சாசரை வைத்துக் கையால் அமத்திப் பிடித்தார். இந்தமுறை கட்டி இல்லை. ஆனால் ஸ்ட்ரோபெரியின் சின்ன விதைகள் எல்லாம் கம்பிக்குள் போய் மாட்டிக்கொண்டன. யேசுதாசன் கண்ணாடிக்கு முன்னால் நின்று, குழந்தைகளின் பல்தூரிகையால் ஒரு மணித்தியாலம் சுத்தம் செய்தான். அண்ணை கதவடியில் நின்று பார்த்தார். அடுத்த நாள் தேத்தண்ணி வடியை எடுத்தார்.

வடித்த சாறு பட்டுப்போல இருந்தது. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் திருமதி கேர்பர் கொழுப்பு வேண்டும் என்று எழுதியிருந்தாரே. அண்ணை முழுப் பெட்டிக் கிரீமையும் பாலோடு ஊற்றி, நன்றாகக் கலக்கட்டும் என்று மிக்ஸரை ஓடவிட்டார். நிறுத்தியபோது மேலே சின்னச் சின்ன மஞ்சள் பொட்டுகள் மிதந்தன. கிரீம் அடிபட்டு வெண்ணெயாகத் திரண்டிருந்தது. எங்களுக்கு அது அப்போது விளங்கவில்லை. யேசுதாசன் பசியில் முழுக் கிளாஸையும் குடித்துவிட்டான்.

பத்து நிமிடத்தில் அவன் முகம் வெளுத்தது. எழும்பினான், மேசையைப் பிடித்தான். கண் பிதுங்கியது. வயிற்றிலிருந்து ஏறி வந்தது வெளியே வர வழியில்லாமல் தொண்டையில் நின்றது. நான் கதிரையைத் தட்டிவிட்டு எழும்பினேனே தவிர, என்ன செய்வதென்று தெரியவில்லை.

"யேசு! குனி! குனியடா கீழை!"

அண்ணைதான். அவன் பிடரியைப் பிடித்துத் தொட்டிக்கு மேலே அமத்தினார். மற்றக் கையில் குறடு திறந்தபடி இருந்தது. கழுத்து நூலை எப்போது அறுத்தார் என்று நான் காணவில்லை.

"மூக்காலை இழு. பயப்பிடாதை. வெட்ட வேணுமெண்டா வெட்டுவன். இழு... இன்னொருக்கா."

பல்லிடுக்காலும் மூக்காலும் இளஞ்சிவப்பாக வழிந்தது. வெட்ட வேண்டி வரவில்லை. மூச்சு வந்தது. யேசுதாசன் தொட்டியில் நெற்றியை வைத்தபடி நின்றான். அண்ணை நனைந்த துணியால் அவன் முகத்தைத் துடைத்தார். குறட்டை மேசையில் வைத்தபோது அது கிணுகிணுத்தது.

எட்டு மாதத்தில் அவர் அவனோடு நேரே பேசிய முதல் வார்த்தைகள் அவை. அதன்பின் என் வழியாகச் சொல்லுவது எப்படியோ நின்றுபோனது.

மறுநாள் நான் வேலையால் வந்தபோது இருவரும் மேசையில் இருந்தார்கள். கொப்பி நடுவில் கிடந்தது. அண்ணை எழும்பிக் குளிக்கப் போனதும் எடுத்துப் பார்த்தேன். யேசுதாசனின் எழுத்து மட்டும்தான் இருந்தது, அண்ணை பேசியது காற்றோடு போய்விட்டது.

'தபாலதிபர் கேட்டவர். நான் எழுதினன்.'

'பொய் எழுத ஏலாது அண்ணை.'

'ஓம். முதல் உங்களிட்டைச் சொல்லியிருக்க வேணும். அது என்ரை பிழை.'

அதற்குக் கீழே, கொஞ்சம் தள்ளி: 'பாலுக்குச் சீனி காணாது.'

அண்ணை என்ன கேட்டார் என்று பிறகு நான் விசாரித்தேன். "ஏன் எழுதினனி எண்டு கேட்டன்" என்றார். "வேறை என்னத்தைக் கேக்கிறது?" பிறகு தானே சொன்னார்: "அவன் எழுதினது சரிதான். எனக்குத்தான் வெக்கமாய்க் கிடந்தது. கழுவுறதுக்கு வெக்கமில்லை. அதை ஊருக்கு எழுத வெக்கம்."

வெண்ணெய் திரண்ட கதையைத் திருமதி கேர்பரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, கிரீமைக் கடைசியில்தான் விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். மற்றதெல்லாம் அண்ணையே கண்டுபிடித்தது. பழத்தைக் காம்போடு கழுவி, அதன்பிறகுதான் காம்பை எடுப்பார். இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் ஏறிவிடுமாம். இரண்டாக வெட்டிச் சீனி தூவி அரை மணித்தியாலம் விடுவார். பழம் தன் சாற்றிலேயே ஊறிப் பளபளக்கும். அதைத் தனியே அடித்து வடிப்பார். ஐஸ்பெட்டியில் கிளாஸும் பாலும் குளிர்ந்து நிற்கும். சாற்றுக்குள் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வனிலா ஐஸ்கிறீம் இரண்டு கரண்டி, உப்பு ஒரு கிள்ளு போட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். கிரீம் விட்ட பிறகு பத்து வரை எண்ணுவார். அதற்குமேல் மிக்ஸர் ஒரு நொடியும் ஓடாது. கிளாஸில் ஊற்றினால் அடர்த்தியாக, மெதுவாக இறங்கும். ஆனாலும் ஸ்ட்ரோவில் ஏறும்.

நானும் குடித்தேன். அப்படியொன்றை அதற்கு முதல் குடித்ததில்லை. யேசுதாசன் 'இன்னும்' என்று எழுதிவிட்டுக் கிளாஸை நீட்டினான்.

ஒரு நாளைக்கு நாலு கிளாஸ். காலையில் அண்ணை வேலைக்குப் போகுமுன் இரண்டைச் செய்து ஐஸ்பெட்டியில் வைப்பார். மற்ற நேரம் பருப்புத் தண்ணீர், வடித்த கோழி ரசம். ஜூலை நடுவில் ஸ்ட்ரோபெரி முடிந்து, வேறு பழங்களுக்கு மாறினார்கள். கம்பியை எடுக்கும்போது யேசுதாசன் ஐம்பத்தாறு கிலோ. மருத்துவர் தராசை இரண்டாம் முறை பார்த்தாராம். இந்த ஆறு கிழமையில் எல்லாரும் மெலியத்தான் செய்வார்கள் என்றாராம்.

இந்தச் செய்தி திருமதி கேர்பருக்கும் போனது. அவருடைய பகுதியில் அப்போது ஒரு வயதான பெண் இருந்தார், தொண்டையில் சத்திரசிகிச்சை செய்தவர், எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்பவர். "அதை ஒருக்கா இங்கை செய்து காட்டும்" என்று திருமதி கேர்பர் அண்ணையைக் கூப்பிட்டார். உறைந்த ஸ்ட்ரோபெரியில் செய்தார். அந்தப் பெண் முக்கால் கிளாஸ் குடித்தார். செப்டெம்பரில் இன்னொரு நாட்டவர் பாத்திரம் கழுவ வந்தார், அண்ணை விசேட சாப்பாட்டுப் பகுதிக்கு மாறினார். வெள்ளைத் தொப்பி கொடுத்தார்கள். சீனி வருத்தக்காரருக்கு என்ன, சிறுநீரக நோயாளிக்கு என்ன என்று ஜெர்மன் சொற்களை இரவில் யேசுதாசன் அவருக்குப் படிப்பித்தான். வாத்தியார் குணம் போகவில்லை. பிழை விட்டால் திட்டுவான்.

"அண்ணை, இதை நேற்றும் சொன்னனான்."

"நேற்று நீ வேறை மாதிரிச் சொன்னனி."

தபாலதிபரின் மகள் அதற்கு முதலே கனடாவில் கலியாணம் முடித்துப் போயிருந்தார். அதை அறிந்தபோது அண்ணை, "நல்லாயிருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

1989இல், தமையனோடு பேர்ணுக்கு வந்திருந்த சிவகலா அக்காவை அண்ணைக்கு ஆரோ பேசிக்கொண்டு வந்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், ஒருவரும் கேட்கும் முன்னரே அண்ணை தன் வேலையை முழுக்கச் சொன்னார், மூன்று வருடம் பாத்திரம் கழுவியதையும் சேர்த்து. சிவகலா அக்கா அப்போது ஒரு ஹொட்டலில் அறைகள் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். "நானும் இஞ்சை கக்கூஸ் கழுவிறன்" என்றார். தமையன் தங்கச்சியைப் பார்த்து முறைத்தார். அண்ணை சிரித்துவிட்டார்.

வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் கலியாணம் நடந்தது. அண்ணைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழனாக வேட்டி கட்டி நின்றது வேதக்காரனான, அதாவது கிறிஸ்தவனான யேசுதாசன்தான். ஐயருக்கு அது பிடிக்கவில்லை, அண்ணை கேட்கவில்லை. புதுத் தம்பதி இரண்டு தெரு தள்ளி வீடெடுத்தார்கள். முதல் ஞாயிறே எங்கள் இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். குழம்பு அக்கா வைத்தது, சோறு அண்ணை. சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. அக்கா அதைச் சொன்னார், அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை.