வாளியைச் சந்தேகித்தவர்

றெஜினா மிஸ் இறந்துவிட்டார் என்ற செய்தி, மெழுகுதிரிப் படத்தோடு எங்கள் வட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் வருவதில் பாதி பொய். நேரே அவருடைய இலக்கத்துக்கே அழைத்தேன். தங்கைதான் எடுத்தார். "ஓம் சேர், உண்மைதான். இண்டைக்குக் காலமதான் போனா. நீங்க எடுத்துக் கேப்பீங்க எண்டு தெரியும், அக்காட கூட்டாளியெல்லோ" என்று அழுகையோடு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய தொல்லை தெரியும். அவர் உயிரியல், நான் இரசாயனம். போத்தலில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பமாட்டார். நான் கழுவி வைத்த குவளையைத் திரும்பவும் அமிலத்தில் கழுவுவார். ஒருநாள் என் விரலைப் பார்த்துவிட்டு, "சேர், மோதிரத்தைக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்றார்.

"இது என்ட கலியாண மோதிரம், மிஸ்!"

"புரதத்துக்கு அது தெரியாது."

பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினேன்.

அந்தப் புரதம்தான் அவருக்கு எல்லாம். உலோகத்தைப் பிடித்து வைக்கும் புரதங்கள் எல்லா உயிர்களிலும் உண்டு. இரும்பைப் பிடித்துவைத்து நம் இரத்தத்தைச் சிவப்பாக்குவது ஒன்று. செம்பைப் பிடித்துவைத்து நண்டின் இரத்தத்தை நீலமாக்குவது இன்னொன்று. றெஜினா மிஸ் ஆராய்ந்தது வேறொன்றை, கந்தகம் மிகுந்த ஒரு சின்னஞ்சிறு புரதத்தை. செம்போ, நாகம் எனும் துத்தநாகமோ அளவு மீறி உடலுக்குள் வந்தால், உயிர்க்கலங்கள் இதை அதிகமாகச் செய்து அந்த உலோகத்தைக் கட்டிப்போடும். "வெறுமனே இருக்கக்குள்ள நூல் மாதிரிக் கிடக்கும் சேர். உலோகம் வந்தாத்தான் மடிஞ்சு ஓர் உருவத்துக்கு வரும். சீலைத் தலைப்பில சாவிய முடியிற மாதிரி" என்பார். ஆகவே நண்டில் அந்தப் புரதம் கூடியிருந்தால், அது கிடந்த தண்ணீரில் உலோகம் கூடியிருக்கலாம்.

எங்கள் ஊர்க் கடலோர உப்பு வாவியில் மீன்கள் செத்து மிதந்த வருடம் இதுவே வினையாயிற்று. தண்ணீரில் நஞ்சு கலந்துவிட்டதென்று கதை பரவியது. காத்தான்குடிப் பக்கம் நண்டைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. நண்டு பிடித்து வாழும் சந்தியாப்பிள்ளையும் மனைவி ஞானம்மாவும் உயிர் நண்டுகளோடு எங்களிடம் வந்தார்கள். "நஞ்செண்டா நஞ்செண்டு சொல்லுங்க மிஸ். இப்பிடி ரெண்டுங்கெட்டானா அடுப்பெரியாமக் கிடக்க ஏலா" என்றார் ஞானம்மா. நண்டையும் வாவித் தண்ணீரையும் சோதித்தோம். நண்டில் புரதம் தாறுமாறாகக் கூடியிருந்தது.

அறிக்கையை உடனே வெளியிடுவோம் என்றேன். அவர் மறுத்தார். "நண்டு இவ்வளவு சொல்லுது, வாவித் தண்ணியில அவ்வளவு இல்லையே சேர். ஒண்டு பொய் சொல்லுது." எங்கள் பிரிவுக்குள்ளேயே குசுகுசுப்பு தொடங்கியது. வாவியில் கழிவு விடும் யாரோ இறால் பண்ணைக்காரனிடம் மிஸ் காசு வாங்கிவிட்டாராம். அதனால்தான் மூடி மறைக்கிறாராம்.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் சந்தியாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். நண்டுகளை எதில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். ஞானம்மா பெருமையாகக் காட்டினார்: நாகம் பூசிய, பளபளக்கும் புத்தம்புது வாளிகள். "கம்பஸுக்குக் குடுக்கிறத பழைய கூடையிலயா மிஸ் வைக்கிற? பெரிய நண்டாப் பாத்துச் சேத்து, வாவித் தண்ணி மாத்தி மாத்தி ஒரு கிழமை, ஏழு நாளும் வைச்சிருந்தம்." அந்த உப்புத் தண்ணீரில் வாளியின் பூச்சு கரைந்து நண்டுக்குள் போயிருக்கிறது. எல்லாம் எங்களுக்குக் காட்டிய மரியாதையால் வந்தது. மிஸ் அவர்களைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு தானே தோணியில் போய், பிடித்த கையோடு நண்டுகளைப் பிளாஸ்டிக் பெட்டியில் எடுத்து வந்தார். புரதம் வழமையான அளவில் இருந்தது. நண்டில் உலோகம் மிகையாக இல்லை, மீன் ஏன் செத்ததென்று தனக்குத் தெரியாது என்று மட்டும் எழுதினார். முதற்சோதனை முடிவு வெளியே கசிந்திருந்தது, ஊர் விடுமா? "முதல் கூடவாம், இப்ப இல்லையாம்! ஆருக்குக் காது குத்துறா?" அப்படியானால் எல்லாருக்கும் முன்னால் நண்டைச் சாப்பிட்டுக் காட்டட்டும் என்று சந்தையில், ஞானம்மாவும் பார்த்து நிற்க, ஒருவர் மிஸ்ஸிடம் அவித்த நண்டை நீட்டினார்.

"மாட்டன்" என்றார் மிஸ். "நான் திண்டா, எனக்குப் பசியெண்டுதான் அர்த்தம். சோதனையில என்ன வந்ததெண்டு கேளுங்க, சொல்றன்."

ஐயோ, ஒரு வாய் தின்றால் என்ன என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவர் திரும்பிப் பாராமல் நடந்தார். நாளாக ஆக வியாபாரம் மீண்டது. அவர் மேல் விழுந்த பெயர் மட்டும் போகவில்லை.

சாவீட்டில் ஒலிவாங்கி பிடித்து அவரைப் புகழ்ந்தவர்களில் பாதிப்பேர் அன்று குசுகுசுத்தவர்கள். வாய் கூசவில்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. வெளியே வந்து நின்றேன். ஞானம்மா பக்கத்தில் வந்தார்.

"சேர், மிஸ் அண்டைக்கு நண்டு திண்டு காட்டியிருந்தா, ஆரோ குடுத்துத்தான் தின்னுறா எண்டு நினைச்சிருப்பன். மாட்டனெண்டு போனாவே, அப்பதான் நம்பினன். அண்டு பின்னேரமே என்ட புள்ளைகளுக்கு நண்டுக் கறி ஆக்கிக் குடுத்தன்."

"இதை அவவிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல சேர். அவக்குத் தெரியும் எண்டு இருந்திட்டன்."

றெஜினா மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு "மாட்டன்" மட்டும்தான். அவருக்குத் தெரியாது, ஞானம்மா. கடைசிவரைக்கும் தெரியாது.