மொட்டையோடு திருப்பதிக்கு

திருப்பதியிலிருந்து மொட்டைத் தலையோடு திரும்புவதுதான் வழக்கம். ஆதிநாராயணன் மொட்டைத் தலையோடு திருப்பதிக்குப் போனார். விஜயபுரத்தில் பஸ் ஏறியதும் கண்டக்டருக்கு இது ஒன்றே போதுமாயிருந்தது.

“இன்னா நைனா, முடிய ஊர்லயே எறக்கிட்டு உண்டியலுக்கு மட்டும் போறியா?”

பின் சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். மனைவி தேவயானியின் காரியத்தில் எடுத்த முடி அது. மகன் இல்லாததால் கொள்ளி வைத்ததும் அவர்தான். சாவு விழுந்த வீட்டார் ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது. அந்த பஸ்ஸில் சாமியைப் பார்க்கப் போகாதவர் அநேகமாக அவர் ஒருவர்தான். சொன்னால் கண்டக்டர் முகம் விழுந்துவிடும், பாவம் என்று விட்டுவிட்டார்.

அவர் போனது பல்கலைக்கழகத்துக்கு. தேவயானி ஐம்பத்திரண்டு வயதில் தபால் வழியில் பி.ஏ. சரித்திரம் படித்தாள். வேர்க்கடலை காய்கிற களத்தில் ஒரு கையில் புத்தகமும் மறு கையில் காக்கை விரட்டும் குச்சியுமாக உட்கார்ந்திருப்பாள். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நாயுடுபேட்டையில் வாழ்க்கைப்பட்ட மகள் பிரமிளா போன் செய்து, “நைனா, அம்மா பாஸு” என்றாள்.

சான்றிதழ் வாங்க என்னென்ன வேண்டும் என்றும் அவளே சொன்னாள்: ஆதார், ஹால் டிக்கெட், இறப்புச் சான்றிதழ். முதல் இரண்டை எடுத்துக்கொண்டவர் மூன்றாவதை பீரோவிலேயே வைத்துவிட்டார். ரேஷனிலும் பாங்கிலும் அந்தக் காகிதத்தைக் காட்டியதும் தேவயானி பேரை அடித்துவிட்டார்கள். டிகிரியிலும் அடித்துவிட்டால்?

பல்கலைக்கழகத்தில் அகலமான சாலைகள், ஊரிலேயே இல்லாத அளவுக்கு மரங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மரங்களுக்கு மேலே மலை நின்றது. தடை காலுக்குத்தான், கண்ணுக்கு இல்லை. ஆனாலும் அவர் தலையைக் குனிந்தபடியே நடந்தார்.

கவுன்டரில் இருந்த குமாஸ்தா சிட்டிபாபு, விஜயபுரத்துக்குப் பக்கத்து நகரிக்காரர். ஹால் டிக்கெட்டில் ஊர்ப் பேரைப் பார்த்ததும் தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்துவிட்டார்.

“தரிசனம் நல்லா ஆச்சா நைனா?”

“ஆச்சு.” சொல்லக்கூடிய பொய்களில் அதுதான் சுலபமானது.

“பரீட்சை எழுதுன அம்மா எங்க?”

“ஒடம்பு செரியில்ல. வர முடில.”

“அப்ப அவங்க கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் வேணும். இல்லாட்டி செரியானதும் கூட்டிக்கினு வாங்க. டிகிரி எங்க ஓடிடப் போவுது? அப்படியே ரெண்டு பேருமா மலைக்கும் போய்ட்டு வரலாம்.”

ஆதிநாராயணன் வெளியே வந்து ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். கடிதத்தை எழுதிவிட்டார். அவள் கையெழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும். முதல் எழுத்தைப் போட்டதும் பேனா நின்றுவிட்டது. முப்பது வருஷத்தில் அவர் பேரில் அவள் எத்தனையோ தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பால் சொசைட்டிக்கு எல்லாம் அவள் கைதான். அவர் ஒருமுறைகூட அவள் பேரில் போட்டதில்லை. கடிதத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றார்.

“சார், அவ இல்ல. இருவத்தி மூணு நாளாச்சு.”

சிட்டிபாபு இப்போதுதான் அந்தத் தலையைச் சரியாகப் பார்த்தார்.

“மொதல்லயே சொல்லக்கூடாதா நைனா?”

“சொன்னா பேர அடிச்சிடுவீங்களோன்னு…”

“எதுல?”

“டிகிரில.”

சிட்டிபாபு கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். “பாஸானது பாஸானதுதான். அத அடிக்க யாராலயும் முடியாது. ஆனா டெத் சர்டிபிகேட் இல்லாம குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. சோமவாரம் எடுத்துக்கினு வாங்க.”

சொல்லிவிட்டு எழுந்து போய், அலமாரியில் ஒரு கட்டைப் பிரித்து, ஒரு தாளைக் கொண்டுவந்து கவுன்டர் மேல் வைத்தார். “பாத்துட்டுக் குடுங்க.”

ஆதிநாராயணன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். பேரை எழுத்து எழுத்தாகப் படித்தார். கீழே இன்னொரு வரி இருந்தது.

“இது இன்னா சார்?”

“ஃபர்ஸ்ட் கிளாஸ்.”

“பாஸாயிட்டா போதும்னுதான் சொல்லிக்கினு இருந்தா.”

பின்னால் நின்ற மாணவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் தாளை மடங்காமல் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

“சோமவாரம் எத்தினி மணிக்குத் தொறப்பீங்க?”

“பத்தரைக்கு.”

“நான் ஒம்போதுக்கே வந்துடறேன்.”