சித்தப்பாவின் கிதாரில் நான் போட்ட வெட்டு

கிதாரில் பல தினுசு உண்டு. கழுத்துக்கு இரு பக்கமும் இருக்கும் இரண்டு தோளையும் வெட்டினால் கொம்பு முளைத்த மாதிரி இருக்கும். ஒரு தோளை மட்டும் வெட்டியதுதான் அழகு. விரல் கீழேயிருந்து ஏறி வந்து மேல் சுரத்தைப் பிடிக்க வழி இருக்கும். மேல்தோள் முழுசாக, கனமாக நிற்கும். நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் இன்று ஓசூரில் பாதிக் கம்பெனிக்கு பேக்கிங் பெட்டி என் பட்டறையிலிருந்துதான் போகிறது. ரம்பம் பிடித்து நான் செய்த முதல் வேலை மட்டும் பெட்டி இல்லை, கிதார். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சித்தப்பாவின் கிதாருக்கு இரண்டு தோளும் உருண்டை. மேல் சுரத்துக்குப் போகும்போதெல்லாம் கை இடிக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர் பெங்களூரில் ஒரு மெல்லிசைக் குழுவிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் குழுவில் எடுக்காவிட்டால் மறுநாளே கம்பெனியில் சேர வேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்பா பெட்டி அடிப்பவர். தூக்குகிறவர் கை நுழையப் பலகையில் ஒரு வெட்டு விடுவார். அதே யோசனைதான் எனக்கும். சனிக்கிழமை சித்தப்பா குளிக்கப் போனதும், சுவரில் சாய்த்திருந்த கிதாரை எடுத்து, கைக்கு வாகாக இருந்த தோளை அறுத்துவிட்டேன். உள்ளே மரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். வெறும் காற்று.

“பொட்டப்புள்ள கையில ரம்பத்தக் குடுத்தா வூட்டையே அறுத்துடும்,” என்றாள் அம்மா.

சித்தப்பா ஈரத்தலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு அப்பாவிடம் பிளைவுட் துண்டு வாங்கி ஓட்டையின்மேல் ஒட்டி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஞாயிறு சாயங்காலம் திரும்பி வந்தவர் தோளில் நீளமாக ஒரு பேஸ் கிதார்.

“சேத்துக்கிட்டாங்கண்ணா,” என்றார் அப்பாவிடம். “என் கிதாரப் பாத்து மொதல்ல சிரிச்சாங்க. யார் வெட்னதுன்னு கேட்டாங்க, சொன்னேன். இன்னும் சிரிச்சாங்க. அப்பறம், பேஸுக்கு ஆளில்ல, வாசிப்பியான்னு இதக் குடுத்தாங்க.”

கம்பெனிப் பேச்சை அப்பா அதோடு விட்டார். என் வெட்டால்தான் வேலை கிடைத்தது என்று தெரு முழுக்கச் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

சித்தப்பா அந்த பேஸ் கிதாரை மடியில் வைத்துக்கொண்டதும் உற்றுப் பார்த்தேன். அதிலும் ஒரு தோளில்தான் வெட்டு. ஆனால் நான் வெட்டியது மேல்தோளை; இதில் கீழ்த்தோள்.

“சித்தப்பா, இவங்க பக்கம் மாத்தி வெட்டிட்டாங்க.”

அவர் குனிந்து பார்த்தார். “ஆமா கண்ணு. உன் அளவுக்கு அவங்களுக்கு வெவரம் பத்தல.”

அப்பா ஏன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு வெளியே போனார் என்று எனக்குப் புரியவில்லை.