மருந்து அடித்த கொடி

நடந்தவை வரிசையாக:

1. சித்தியின் மார்பில் இருந்த கட்டியை மதுரையில் அறுத்து எடுத்தார்கள்.
2. மிச்சம் மீதி எங்காவது ஒளிந்திருந்தால் அது வளராமலிருக்க, சில வாரங்களுக்கு ஒருமுறை நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள்.
3. அந்த மருந்து என்ன செய்யும் என்று சித்தப்பா கேட்டார். செல்கள் பெருகுவதை நிறுத்தும் என்றார் டாக்டர்.
4. சித்தப்பா வீட்டில் முட்டையை நிறுத்தினார்.

மூன்றிலிருந்து நான்குக்கு அவர் எப்படிப் போனார் என்பது திராட்சை போடுகிறவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சின்னமனூர்ப் பக்கம் கொடியை வெட்டிவிடும் கவாத்து முடிந்து அது தளிர்விடும்போது, அது இலையும் தண்டுமாக ஓடிவிடாமலிருக்க வளர்ச்சியை நிறுத்தும் மருந்து ஒன்றைத் தெளிப்பார்கள். தெளித்த பிறகு கொஞ்ச நாள் உரத்தையும் தண்ணீரையும் குறைத்துவிடுவார்கள். தின்னக் கொடுத்தால் கொடி மறுபடி ஓட ஆரம்பிக்கும், அடித்த மருந்து வீண். சித்தப்பா இதில் பேர்போனவர். சொட்டுநீர் வால்வை எப்போது மூடுவது என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் அவரிடம்தான் வந்து கேட்பார்கள்.

அதனால் முட்டை போயிற்று, பால் போயிற்று, கறியும் பருப்பும் போயின. சித்திக்குக் கஞ்சியும் துவையலும் மிஞ்சின. மூன்றாம் வகுப்பு விடுமுறையில் அவளுக்குத் துணையாக அங்கே போய் இருந்த எனக்கு மட்டும் முட்டை தோட்டத்து மோட்டார் அறையில் வைத்து ஊட்டப்பட்டது. வாசம் வீட்டுக்குள் வரக் கூடாதாம்.

விஷயம் தெரிந்து அம்மா போனில் சண்டை போட்டாள். சித்தப்பா நிதானமாகவே பதில் சொன்னார்.

"நீங்களே சொல்லுங்க மதினி, மருந்தடிச்ச கொடிக்கு எவனாச்சும் தண்ணி கட்டுவானா?"

சித்தி போனை வாங்கிக்கொண்டாள். "விடுக்கா. கொடியைப் பாத்துக்கிற மாதிரி என்னையப் பாத்துக்கிறாக. கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து இப்பத்தான் அந்த யோகம் அடிச்சிருக்கு, கெடுத்துப்புடாத."

பகலில் பந்தலுக்கடியில் கட்டிலைப் போட்டு இருவரும் படுத்துக்கொள்வோம். மேகமலையிலிருந்து காற்று இறங்கும்போது மேலே இலைகள் விலகி விலகிக் கூடும். சித்தியின் முடியில்லாத தலைமேல் நிழல்கள் மீன்களைப் போல நீந்தும். அவள் பாதி பேச்சில் தூங்கிப்போவாள், விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். அவளுக்கு ஏற்றிய மருந்து ரோஸ்மில்க் நிறத்தில் இருந்ததை நான் பார்த்திருந்தேன். சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் அவளுக்குள்ளே ஓசையில்லாமல் நடந்து, வால்வு வால்வாகத் திருகிக்கொண்டு போவதாக எனக்குத் தோன்றும். முடிக்கான வால்வை மூடிவிட்டார். நகத்துக்கானதையும் மூடிவிட்டார். அவள் கையைப் பிடித்தபடியே நானும் தூங்கிவிடுவேன். எழுந்ததும், தொற்றிக்கொண்டு என் வளர்ச்சியும் நின்றுவிட்டதோ என்று மோட்டார் அறைக் கதவோரம் போய் நின்று அளந்து பார்ப்பேன்.

அடுத்த ஊசிக்கு மதுரைக்குப் போனோம். ரத்தத்தைச் சோதித்துவிட்டு, வெள்ளை அணுக்கள் ஏறவே இல்லை, இன்றைக்கு ஊசி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளும் உள்ளே ஒளிந்திருக்கும் மிச்சத்துக்கு வளரக் கிடைக்கும் நாள் என்பது எனக்கே புரிந்தது. சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று நர்ஸ் கேட்டார். தான் செய்ததைச் சித்தப்பா சுத்தமாக எடுத்துச் சொன்னார், தோட்டத்து உதாரணத்தோடு. நர்ஸ் கையிலிருந்த ட்ரேயைக் கீழே வைத்தார்.

"மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாதுண்ணே. வேகமா வளர்றது எதுவா இருந்தாலும் நிப்பாட்டும். ரத்தத்துல இருக்க நல்ல அணுவையும் சேத்துத்தான் அடிக்கும். அது மறுபடி எந்திரிச்சாத்தான் அடுத்த ஊசி. எந்திரிக்கச் சோறு வேணும்ல?"

சித்தப்பா அந்த ட்ரேயைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப நான் எதைப் பட்டினி போட்டேன்?"

நர்ஸ் சித்தியைப் பார்த்தார். சித்தி என்னைப் பார்த்தாள்.

ஏனென்றால் இதே நர்ஸ், முதல் ஊசியின்போதே இதையெல்லாம் சொல்லியிருந்தார். தினம் இரண்டு முட்டை, பருப்பு, முடிந்தால் மீன் என்று சித்தியிடம் விரல் மடக்கிச் சொன்னார். சித்தப்பா அப்போது வெளியே மருந்து வாங்கும் வரிசையில் நின்றார். கட்டில் ஓரத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அதை இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். சித்தி என் முழங்கையை அழுத்தினாள். அவ்வளவு மெலிந்த கையில் அத்தனை பலம் எப்படி வந்தது என்று ஆச்சரியப்பட்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் உசிலம்பட்டி தாண்டிக் கணவாயில் ஏறும்போது நான் தூங்கிவிட்டேன். ஆண்டிபட்டியில் விழித்தபோது சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி அவித்த முட்டை வாங்கிக்கொண்டிருந்தார். ஓட்டை உரித்து வேட்டி மடியில் போட்டு, முட்டையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். சித்தி எடுத்துக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"மெதுவா. விக்கிக்கப் போகுது" என்றார் சித்தப்பா.

இன்றைக்கு ஒரு மருத்துவமனையில் இந்த மருந்துகளைக் கலந்து கொடுப்பது என் வேலை. எது எந்தச் செல்லை எந்தக் கட்டத்தில் பிடித்து நிறுத்துகிறது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். சொல்லப்பட்டதை மறைத்துவிட்டுச் சித்தி ஏன் கஞ்சியைக் குடித்தாள் என்பது மட்டும் வெகுகாலம் பிடிபடவில்லை. கட்டி தெரிந்த நாளிலிருந்து அறுத்தது ஒருவர், ஏற்றியது இன்னொருவர், சோதித்தது வேறொருவர். தோட்டத்தில் ஒரு நாழிகை சும்மா உட்காரத் தெரியாத மனிதருக்கு அவள் நோயில் செய்ய ஒன்றுமே இல்லாமல் இருந்தது. அவர் தனக்கென்று கண்டுபிடித்த ஒரே வேலை அது. அதை அவரிடமிருந்து பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. அது தன் உயிரோடு விளையாடுவது என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை.

ரத்தம் தேறிய பிறகு அந்த ஊசியைப் போட்டார்கள். மீதி ஊசிகளும் நாள் தவறாமல் ஏறி முடிந்தன. சித்தி இருக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகிறாள், சித்தப்பா கூடப் போகிறார். முதல் ஊசியன்று நர்ஸ் என்ன சொன்னார் என்பதை நானும் சித்தியும் இதுவரை அவரிடம் சொல்லவில்லை.