பத்து நிமிடம் பொறுத்தவர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் 'பத்து நிமிஷம்' என்றுதான் பெயர். எங்கோ தொலைவில் இருக்கும் சர்வரின் நெட்வொர்க் அமைப்பில் ஓர் எண்ணை மாற்றுவதென்றாலும், பழைய அமைப்பு பத்து நிமிடத்தில் தானாகவே திரும்பிவிடும்படி முதலில் ஒரு கட்டளை போட்டுவைப்பார். மாற்றிய பிறகு, வேறொரு கணினியிலிருந்து புதிதாக நுழைந்து பார்ப்பார். இணைப்பு உறுதியென்று தெரிந்த பின்பே அந்தக் கட்டளையை ரத்து செய்வார்.

"உள்ள உக்காந்துக்கிட்டு கதவு திறந்திருக்குன்னு சொல்லக் கூடாது. வெளிய போய்த் தட்டிப் பாக்கணும்" என்பார்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சர்வர்கூட அவர் கையால் அறுந்துபோனதில்லை. மனிதர் சம்பாதித்தது அந்த நல்ல பெயர் ஒன்றைத்தான்.

எங்கள் மேலாளர் அவருடைய மனைவியின் தம்பி. அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவர்தான். மச்சினனோ ஆக்கப் பொறுத்தாலும் ஆறப் பொறுக்காத ஆள். ஒரு நாள் காலை வெளியூர் மருத்துவமனையின் சர்வரில் மாற்ற வேண்டிய இரண்டு எண்களில் ஒன்றை மாற்றிவிட்டு, சரிபார்க்க இவர் பக்கத்து அறைக்குப் போனார். மச்சினன் இவர் நாற்காலியில் உட்கார்ந்தான். இது ஏன் வெட்டியாக ஓடுகிறது என்று அந்தக் கட்டளையை ரத்து செய்தான். மிச்சமிருந்த எண்ணையும் தானே அடித்தான், தப்பாக. திரை உறைந்தது, இணைப்பு அறுந்தது. மருத்துவமனையில் மாலைவரை ஒரு பரிசோதனை முடிவையும் பார்க்க முடியவில்லை. இவர்தான் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போய், அந்த இயந்திரத்தின் முன்னால் நின்று, ஒரே ஓர் எண்ணைத் திருத்தினார்.

இவர் நுழைந்திருந்த கணினி என்பதால் சர்வரின் பதிவில் இருந்தது இவர் பெயர். தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், நீங்கள் மூன்று வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர் என்று வீட்டில் மனைவி அழுதாளாம். தவறு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

என் மேசை மூன்றடி தூரத்தில். எல்லாவற்றையும் பார்த்தவன் நான். வாயே திறக்கவில்லை, எனக்கும் வேலை வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

சர்வர்களுக்கான அவருடைய கடவுச்சொல்லைப் பறித்தார்கள். அடுத்த வாரக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், மேலாளர் கனிவாகச் சொன்னான்: "இனிமேலாவது கொஞ்சம் நிதானமா இருங்க அத்தான்."

"சரிப்பா" என்றார்.