டாக்டர் சீனிவாசலுவுக்கு வெறும் கேஸ்தான்

"இடது குழாய் தொண்ணூறு பர்சென்ட், ரைட்டு எழுபது. சரிதானுங்க?" என்கிறார் டாக்டர் சீனிவாசலு, கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே. கும்பிட்டு நிற்கும் தொண்டாமுத்தூர் ஆறுச்சாமிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தீங்களா மாப்ள, பன்னண்டு வருசமாச்சு. டாக்டரு இன்னும் மறக்கலீங்க!" தன் பெயர் டாக்டருக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது.

கோவையின் பெரிய மருத்துவமனை ஒன்றில் முப்பத்தெட்டு வருடம் இதயம் பார்த்து ஓய்வு பெற்றவர் சீனிவாசலு. பிழைத்துப் போனவர்களை அடைப்பின் அளவாகத்தான் அவருக்கு ஞாபகம். பெயரோடு நினைவிருப்பவர்கள் பிழைக்காதவர்கள். காரமடை பொங்கியண்ணன், வழியெல்லாம் சோடா குடித்துக்கொண்டு நான்கு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தவர். அந்தப் பெயர்களை அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

மேடைகளுக்குக் குறைவில்லை. ஊரில் எந்தச் சங்கம் இதயம் காக்கக் கிளம்பினாலும் அவரைத்தான் கூப்பிடுகிறது. பிரிவுபசார விழாவில் மருத்துவமனை கொடுத்த வெள்ளி முலாம் இதயம் வாழ்த்து அட்டையில் வருகிற வடிவத்தில் இருந்தது. அதை அங்கேயே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்படியொரு ஹார்ட்டை நான் சர்வீஸ்லயே பாத்ததில்லைங்க" என்று மைக்கில் சொன்னார். கைதட்டினார்கள். அவர் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

கோபத்திலும் மரியாதை குறையாத மனிதர். நெஞ்சுவலியை வாயுத் தொல்லை, வெறும் கேஸ் என்று நினைத்துத் தாமதித்து வருகிறவர்களிடம், "ஏனுங்க, நீங்க எம்.பி.பி.எஸ். எங்க படிச்சீங்க?" என்பார். அந்த ஒரு 'ங்க'வுக்குப் பயந்தே பாதி மாவட்டம் நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

போன மாதம் நடைப்பயிற்சியில் மூன்றாவது திருப்பத்தில் அவருக்கு நெஞ்சு இறுகியது. ஷூ லேஸ் கட்டுவதுபோல் பெஞ்சில் குனிந்தார். சரியாகிவிட்டது. மறுநாளும் அதே திருப்பம், அதே குனிவு. கூட நடந்த மனைவி பத்மாவதி நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஒட்டற ஷூவுக்கு எதுக்குங்க லேசு?" என்றார்.

"கேஸு. கல்யாண ஊட்டு போண்டா" என்றார் டாக்டர்.

பத்தாவது நாள் கார் டிக்கியில் ஏழு காலி சோடா பாட்டில்கள் அகப்பட்டன. அந்த வீட்டில் பேச்சு தெலுங்கு. சண்டைக்கு மட்டும் பத்மாவதி தமிழுக்கு வருவார், சமையல்கார மாசாணியம்மாளுக்கும் புரிய வேண்டுமே. "ஏனுங்க, நீங்க எம்.பி.பி.எஸ். எங்க படிச்சீங்க?" என்றார். சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம் சட்டென்று நின்றது.

பழைய மருத்துவமனைக்கே போய்க் காட்டலாம்தான். ஆனால் அங்கே இதயத் துறைக்கு இப்போது தலைவர் ரிஃபானா. இவரிடம் படித்தவர். ஒரே ஈ.சி.ஜி.க்கு மூன்று முறை ரிப்போர்ட் எழுத வைத்து, மூன்றையும் கிழித்திருக்கிறார் இவர். அந்தப் பெண்ணின் முன்னால் சட்டையைக் கழற்றிப் படுப்பதா? அதைவிட, ரிப்போர்ட்டில் என்ன வரும் என்பதை ஊகிக்கத் தெரிந்த நோயாளி அவர்.

அன்று மாலை அவர் போனில் பேசுவது கேட்டது. "ரிஃபானா, ஊட்டுல அம்மாவுக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதாமா. காலைல கூட்டிட்டு வாரேன்." தனக்கு நெஞ்சுவலி என்பதைப் பத்மாவதி அப்படித்தான் தெரிந்துகொண்டார். மறுக்கவில்லை. இவரை அந்த வாசல்படி ஏற்ற வேறு வழி இல்லை.

மறுநாள் பத்மாவதி படுத்தார். ரிஃபானா தானே ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார், கழற்றினார். "அம்மாவுக்கு ஒண்ணுமே இல்லீங்க சார்."

சீனிவாசலு அந்தத் தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். மடித்தார். பிறகு, வானிலை விசாரிப்பதுபோல, "சும்மா ஒரு கேஸ் கேக்கறேன். எழுவத்தொண்ணு வயசு ஆம்பளை. நடந்தா நெஞ்சு இறுக்கம், நின்னா சரியாயிருது. பத்து நாளா. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பேஷண்ட் எங்கீங்க சார்?"

"அவரு கேஸுன்னு நெனச்சுட்டு இருக்காரு."

"பத்து நாளாவா?" ரிஃபானா மேசையைப் பார்த்தபடியே சொன்னார். "உங்களாட்ட ஒருத்தர் புடிச்சுத் திட்டியிருக்கோணும் சார்."

"திட்டியாச்சு. நேத்துத் தமிழ்லயே திட்டினேன்" என்றார் பத்மாவதி, கட்டிலைவிட்டு இறங்கியபடி.

சீனிவாசலு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். விறுவிறுவென்று கதவை நோக்கி நடந்தார். ரிஃபானா "சார்..." என்று பாதி எழுந்துவிட்டார்.

கதவருகே போனவர், தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பி, சட்டையின் மேல் பொத்தானில் கை வைத்தார்.